மூன்றாம் மாடித் தலையணை

விழிப்புள்ள அண்டை வீட்டாரே ஒரு சமுதாயத்தின் உண்மையான மதில்சுவர். இந்த மகத்தான உண்மையைக் குடியிருப்பின் செயலாளர் பளிங்குக் கல்லில் பொறித்து வாசலில் பதித்த வாரம்தான், மூன்றாம் மாடியில் ஒரு வீட்டையே வழித்துக்கொண்டு போனார்கள்.

பட்டப்பகலில், லிஃப்டில் போனார்கள். அந்தக் குடியிருப்பில் எப்போதும் யாராவது காலி செய்துகொண்டிருப்பார்கள், யாராவது குடிவந்துகொண்டிருப்பார்கள். கதவில் ஒட்டிய பெயரின் பசை காய்வதற்குள் ஆள் மாறிவிடும். ஆகவே நீலச் சட்டை போட்ட மூன்று பேர் டிவியையும் பீரோவையும் இறக்கியபோது, யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. செயலாளர் மட்டும் கேட்டார், வேறொன்றை.

“ஏம்பா, லிஃப்ட் கண்ணாடி கீறினா யார் காசு குடுப்பா? உங்க மாமனாரா?”

“பாத்துதான் சார் எடுக்கிறோம்.”

“என்னத்தப் பாத்தீங்க? மேல போய் ஒரு தலையணை எடுத்துட்டு வந்து நடுவுல குடுங்க. இதுகூடத் தெரியாம ஒரு தொழிலு.”

ஒருவன் பணிவாக மேலே போய்த் தலையணை கொண்டுவந்தான். செயலாளர் லிஃப்ட் கதவைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. “நான் மூணாம் மாடிங்க. வேலை விட்டு வந்தா வீடு காலியா கிடக்கு. டிவி, பீரோ போனா போகட்டும். பச்சை உறை போட்ட தலையணை ஒண்ணு. எங்க வீட்டுக்காரரோடது. அவர் போனதுக்கப்புறம் அந்த உறையை நான் துவைக்கவே இல்ல. அது மட்டும் எங்கயாவது கிடந்தா சொல்லுங்க அண்ணா.”

நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ‘தலையணையை எவன் திருடுவான்?’ என்று ஒருவர் எழுதி, பிறகு அழித்துவிட்டார்.

எவன் என்று செயலாளருக்குத் தெரியும். அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

“பாட்டா அது, இத்தனை தடவை கேக்கிறீங்க?” என்றாள் அவர் மனைவி. “அவனுங்ககிட்ட நின்னு பேசின ஒரே ஆள் நீங்கதான். ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க.”

“சொன்னா என் மரியாதை என்ன ஆகறது?”

“அதையும் அவனுங்களே தூக்கிட்டுப் போயாச்சு. சேத்துத் தேடச் சொல்லுங்க.”

மறுநாள் அவர் குழுவில் பாதுகாப்பு யோசனைகள் ஏராளமாக எழுதினார். ஒன்றில்கூடத் தலையணை இல்லை. இன்னும் சில நாள் சாப்பாடு இறங்காமல் கழிந்தபின் ஸ்டேஷனுக்குப் போனார்.

“முகம் எப்படி இருந்துச்சு?” என்றார் எழுத்தர்.

“நான் லிஃப்ட் கண்ணாடியையே பாத்துட்டு இருந்தேன் சார்.”

“வண்டி?”

“வாசல்ல நின்னுது.”

“வாசல்லதான் நிக்கும். என்ன கலரு?”

“தலையணை எடுத்துட்டு வரச் சொன்னது நான்தான்” என்றார் செயலாளர்.

பின்னாலிருந்த பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறவள்.

“அதைத் தரையில போட்டு இழுத்தாங்களா அண்ணா?”

குரலை வைத்துத்தான் அவருக்கு ஆள் தெரிந்தது.

“இல்லம்மா. தரையில படவே இல்ல.”

அவள் தலையாட்டிவிட்டு வெளியே போனாள். எட்டு மாதமாக அவருக்கு நேர் மேல் வீட்டில் இருந்தவள். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும், கொஞ்சம் தள்ளி உட்காரும்மா என்று அவர் சொன்னது அவளிடம்தான்.