மதம் பிடித்த காஞ்சி

யானைப்படை நுழைந்த மறுகணமே காஞ்சி மாநகர் முழுவதும் அரசனின் சமயத்திற்கு மாறியது. கணினித் திரையில் சமணத்தைக் குறிக்கும் வெண்புள்ளி ஒன்றுகூட எஞ்சவில்லை. எங்கள் நிறுவன உரிமையாளர் ரவிச்சந்திரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

2006ஆம் ஆண்டு, முட்டுக்காட்டில் உப்பங்கழியை நோக்கிய எங்கள் சிறிய அலுவலகத்தில், பல்லவர் காலத்தைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டொன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதில் சமயங்கள் பரவும் முறையை வகுப்பது என் பொறுப்பு. வணிகப் பாதை, அன்னசத்திரம், வாத மண்டபம் ஆகியவற்றின் வழியாகவே ஓர் ஊர் மெல்ல மனம் மாற வேண்டும் என விதித்திருந்தேன். வாள்முனைக்கு அதில் இடமே வைக்கவில்லை. கருங்குழியிலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தில் சென்று, நாற்பதை நெருங்கும் வயதில் கணினி பயின்ற எனக்கு, அவ்விதிகளே முதல் சொந்தப் படைப்பு.

"படை போனா ஊரே மாறுதுன்னு காட்டினா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி கோர்ட்டுக்குப் போவோம் செங்கல்வராயன்," என்று என்னிடம் சொன்னார் ரவிச்சந்திரன். விளையாட்டைப் பார்வையிட வந்துகொண்டிருந்த வெளியீட்டு நிறுவனத்தின் வரலட்சுமி அம்மையார் உத்தண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. அவர் வந்து சேர்வதற்குள் சரியாகாவிட்டால் சமயப் பகுதியை அடியோடு நீக்கிவிடுவதாகவும், அப்பகுதி இல்லையேல் எனக்கும் அங்கு வேலையில்லை என்றும் கூறிவிட்டு, ரவிச்சந்திரன் வாசலுக்குச் சென்றார்.

விதிகளை வரிவரியாகப் படித்தேன். பிழை தென்படவில்லை. முந்தைய நாள்வரை காஞ்சி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது. அன்று காலைதான் என் பகுதியையும் ஷ்யாம் எழுதிய போர்ப் பகுதியையும் ஒன்றாக இணைத்திருந்தோம்.

அடுத்த மேசையில் ஷ்யாமும் நொந்துகொண்டிருந்தான்.

"உன் ஊராச்சும் மாறுது அண்ணாத்த. என் யானையப் பாரு. எவ்ளோ அம்பு வுட்டாலும் மதம் புடிக்க மாட்டேங்குது. கோயில் யானையாட்டம் நின்னுகினு கீது."

நான் திரும்பினேன். "அந்த வெறிக்கு இன்னா பேரு வெச்ச?"

"மதம்னுதான். வேற இன்னா வெப்பாங்க?"

நிரலில் வரும் ஒவ்வொரு கணக்குக்கும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பெயரிடுவது எங்கள் அலுவலக வழக்கம். என் சமயக் கணக்கிற்கும் நான் சூட்டியிருந்த பெயர் மதம்தான். ஓர் எழுத்தும் வேறுபடவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொண்ட கணினி, யானையின் வெறியை ஊரின் பக்தியில் ஏற்றிக்கொண்டிருந்தது.

வெளியே கார்க் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. மதத்தை யானைக்கே விட்டுவிட்டு, என்னுடையதைச் சமயம் என ஒவ்வோர் இடமாக மாற்றினேன். கடைசி இடத்தை மாற்றி நிமிர்ந்தபோது வரலட்சுமியும் ரவிச்சந்திரனும் என் பின்னால் நின்றிருந்தனர்.

"நல்ல சமயத்துல மாத்துன," என்று ஷ்யாம் முணுமுணுத்தான்.

யானைப்படை காஞ்சிக்குள் நுழைந்தது. நகரம் நிறம் மாறவில்லை. ஆனால் ஒரு யானைக்கு மதம் பிடித்தது. அது சமணரின் அன்னசத்திரத்தை இடித்துத் தள்ள, சுற்றியிருந்த வெண்புள்ளிகள் மங்கத் தொடங்கின. ரவிச்சந்திரன் என்னை முறைத்தார்.

"இவங்க ஏன் விலகுறாங்க?" என்று கேட்டார் வரலட்சுமி. "விலகுறவங்க ராஜா பக்கமும் போகலையே."

"சோறு நின்னுபோச்சு மேடம். அந்தாண்டயும் இன்னும் யாரும் ஒல வெக்கல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என்னருகே அமர்ந்து, அரசன் ஒரு சத்திரம் கட்டினால் என்னவாகும் என்று காட்டச் சொன்னார். கட்டினேன். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஓரத்தில் இருந்த ஒரே ஒரு புள்ளி அரசனின் நிறத்துக்கு மாறியது.

யானையை வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்று ரவிச்சந்திரன் அவசரமாகச் சொன்னார்.

"யானை, சமயம், ரெண்டுமே இருக்கட்டும்," என்றார் வரலட்சுமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.