முகம் கழுவிய சேறு

முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் மனை பார்த்துக் கொடுத்த தரகர் கமலக்கண்ணன், இன்னும் வாடகை வீட்டில்தான் இருந்தார். தடாவுக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரி உள்வாங்கிய ஓரத்தில், அவர் பெயரில் நாலு ஏக்கர் சேற்று நிலம் உண்டு. கிடங்கு கட்ட அதை ஒரு கம்பெனி கேட்டது. விற்றால் சந்திரகிரியில் சொந்த வீடு. ஒரே நிபந்தனை: பறவைகள் இரை தேடும் இடமாக அது இருக்கக் கூடாது. அதைப் பார்த்து அறிக்கை எழுத, பறவைக் கணக்கெடுக்கும் பிரீத்தி என்ற பெண் மறுநாள் காலை வருவதாக இருந்தது.

கமலக்கண்ணன் தொழில் கற்றது பங்காருபாளையத்து மாந்தோப்புகளில். அங்கே வாங்குகிறவர் வருமுன் ஒரு சால் உழுது, களையைப் புதைத்து, நிலத்துக்கு 'முகம் கழுவி' விடுவார்கள். சவரம் செய்த புது மாப்பிள்ளை மாதிரி மண் பளிச்சென்று இருக்கும். அதே பழக்கத்தில் டிராக்டர்கார முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டு, விடிந்ததும் நாலு ஏக்கரையும் உழச் சொன்னார். கோரையும் பறவை எச்சமும் மறைந்துவிட்டால் வெறும் பொட்டல் என்று சாதித்துவிடலாம்.

பிரீத்தி தொலைநோக்கியோடு வந்து இறங்கியபோது நிலத்தையே காணவில்லை. கொக்கு, உள்ளான், கரண்டிவாயன் என்று, இலை போட்டதும் நிறைந்த கல்யாணப் பந்தி மாதிரி சேறெல்லாம் பறவை.

"இன்னாணா இது! நான் உழுதுக்கினே போறேன், அதுங்க பின்னாலியே துன்னுக்கினு வருதுங்க" என்றான் முனிகிருஷ்ணன்.

கமலக்கண்ணன் சமாளித்தார். "டிராக்டரப் பாத்து வந்ததும்மா. தெனமும் வராது."

"டிராக்டர் மண்ணத்தான பொரட்டுச்சு? புழுவையும் அதுவா ஏத்திக்கினு வந்துச்சு?" என்றாள் பிரீத்தி. "சரி சார், வடக்கு ஓரத்தையும் இவர்தான உழுதாரு? அங்க ஏன் ஒண்ணுமில்ல?"

அவர் திரும்பிப் பார்த்தார். தொழிற்சாலைக் கழிவுக் கால்வாய் வந்து விழும் ஒரு ஏக்கர். அதே டிராக்டர், அதே சால். சேறு வண்டி அச்சு மசி மாதிரி கறுப்பாய் மினுங்கியது. ஒரு கொக்குகூட எட்டிப் பார்க்கவில்லை.

"அங்க மண்ணு செத்துப்போச்சு. இந்த உள்ளானுங்க பனி நாட்டுலேர்ந்து வருது சார். திரும்பிப் போற தூரத்துக்குத் தெம்ப இங்கதான் துன்னு சேக்கணும். ஷெட்டு வர வர இந்த மாதிரி சேறு கொறைஞ்சுக்கினே போவுது."

வடக்கு ஓரத்தை 'ரோட்டுப் பக்கம்' என்று உயர்த்தியும், மிச்ச மூன்று ஏக்கரை 'எதுக்கும் ஆகாத சேறு' என்று தாழ்த்தியும் இத்தனை நாள் பேசியவர் கமலக்கண்ணன்தான். தரகர் இல்லாமல், பட்டா கேட்காமல், எங்கிருந்தோ பறந்துவந்த கிராக்கிகள் நல்ல சரக்கில் மட்டும் கால் வைத்திருந்தன.

முனிகிருஷ்ணன் அவர் காதோரம் குனிந்தான். "ஒரு சரவெடி கொளுத்தட்டுமாணா? அல்லாம் ஓடிப்பூடும்."

"சும்மா இர்றா. பந்தியில குந்தினவங்கள எழுப்புவாங்களா?"

பிரீத்தி எண்ணி முடித்தாள். "முன்னூத்திப் பன்னெண்டு."

"முன்னூறுன்னு முடிச்சுக்கலாமா?" தொழில் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"பறவைக்குமா பேரம்?" சிரித்தபடி பேனாவைத் திறந்தாள்.

சந்திரகிரி வீட்டின் வாசல் கண்ணில் வந்து போனது. கமலக்கண்ணன் கண்ணைச் சுருக்கி வரப்பைப் பார்த்தார்.

"தப்பும்மா. வரப்புக்கு அந்தாண்ட ரெண்டு உள்ளான் குந்திக்கினு கீது, உட்டுட்டீங்க. முன்னூத்திப் பதினாலுன்னு எழுதுங்க."