ஆலாக்களின் வரப்பு

சின்ன ஆலா இரு கைகளுக்குள் அடங்கிவிடும் பறவை. ஆனால் அந்தச் செய்தியை அதனிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. தன் முட்டைக்கு அருகே காகம் வந்தாலும், பருந்து வந்தாலும், எருமையே வந்தாலும் அது ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கத்திக்கொண்டே உயரப் போகும்; பிறகு வந்தவர் தலையை நோக்கி அம்பு போல் இறங்கும். வந்தவர் எவ்வளவு பெரியவர் என்று விசாரிக்கும் வழக்கம் அதற்கு இல்லை.

வேதாரண்யத்தை ஒட்டிய உவர்நிலத்தில், கைவிடப்பட்ட உப்பளம் ஒன்றின் நடு வரப்பில், அந்த வைகாசியில் ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. கூடு என்று எதுவும் கிடையாது. வெறுந்தரையில் ஒரு சிறு குழி. அதில் மணல் நிறத்தில், புள்ளிகளோடு இரண்டு மூன்று முட்டைகள். தோப்புத்துறை நஜ்மா ஸ்கூட்டரில் வந்து அவற்றைப் படமெடுத்து வந்தாள். கீற்று வேய்ந்த பழைய உப்புக் குவியலின் பின்னால் குப்புறப் படுத்து, நெடுநேரம் அசையாமல் கிடப்பாள். அவள் காத்திருந்தது ஒரே காட்சிக்காக. உச்சி வெயிலில் தாய்ப்பறவை பறந்துபோய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பும். அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் உட்காரும். இறகிலிருந்து முட்டைமேல் சொட்டும் அந்தத் துளி அவள் படத்தில் இன்னும் அகப்படவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவள் எடுத்தவை வேறு படங்கள். திருக்கடையூர் மண்டபங்களில் நடக்கும் அறுபதாம் கல்யாணங்களுக்கு அவள் புகைப்படக்காரி. பந்தல், சாப்பாடு, நாகசுரம், புகைப்படம் அனைத்தையும் மொத்தமாக ஏற்றுச் செய்யும் செம்மொழிதான் அவளுக்கு வேலை தருபவன். அவன் கூப்பிடாத மாதத்தில் அவள் வீட்டில் அடுப்பு எரிவது கடினம்.

தவறும் அந்தத் தொழிலில்தான் நேர்ந்தது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் தம்பதியருக்குப் பின்னால் ஏதாவது ஓர் அழகிய காட்சியை ஒட்டிக் கொடுப்பது வழக்கம். தாஜ்மகாலும் பனிமலையும் அலுத்துப்போன நஜ்மா, ஒருமுறை தன் ஆலாக் கூட்டத்தைப் பறக்கவிட்டாள். அது ஒட்டு வேலை என்று எல்லோருக்கும் தெரியும் என அவள் நினைத்தாள். பார்த்தவர்களோ, காரில் போய் இறங்கக்கூடிய இடம் என்று நினைத்தார்கள்.

அப்படி நினைத்தவர்களில் ஒருவர் ஹரிஹரசுப்ரமணியன். சென்னையில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். தம் அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு மாலையும் கழுத்துமாகச் சொந்த ஊர் திரும்பும் வழியில் அந்தப் படம் வேண்டும் என்றார். வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்த பிறகே மாலையைக் கழற்றுவது அவர்கள் குடும்ப வழக்கம்; ஆகவே படத்தை அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். செம்மொழி உடனே தலையாட்டிவிட்டான். இடம் அவனுக்குத் தெரியும். ஒரு பந்தியில் பேச்சுவாக்கில் நஜ்மாவே வழி சொல்லியிருந்தாள்.

கார் தார்ச்சாலையை விட்டு உப்பளப் பாதையில் திரும்பியபோதுதான், கேமராவோடு கூட வந்த நஜ்மாவுக்கு விஷயம் புரிந்தது. அப்போது உச்சி வெயில்.

செம்மொழி உப்புத்தரையில் ஜமக்காளத்தை விரித்தான். பஞ்சகச்சம் கட்டிய கணவரும் மடிசார் கட்டிய மனைவி சரசாவும் வாடத் தொடங்கிய ரோஜா மாலைகளோடு அதன்மேல் நின்றார்கள். சடங்குக்காகக் காலையிலிருந்தே இருவரும் வெறுங்காலோடு இருந்தார்கள்.

"மாமி, சாரைப் பாத்துக் கொஞ்சம் சிரிங்க" என்றாள் நஜ்மா.

"நாப்பது வருஷமா பாத்துண்டிருக்கேன். இப்பப் புதுசா என்ன சிரிப்பு வரும்?" என்றாள் சரசா. சொன்னவள் தானே சிரித்துவிட்டாள். படம் நன்றாக விழுந்தது.

ஹரிஹரசுப்ரமணியன் திரும்பிப் பார்த்தார். "பறவை எங்கேம்மா?"

"அதோ அந்த வரப்புல உக்காந்திருக்கு சார்."

"உக்காந்திருந்தா எப்படி? ஆல்பத்துல பறந்துண்டிருந்ததே!"

"அதுக்குத்தான் சார் ட்ரோன்" என்று செம்மொழி முன்னால் வந்தான். "நஜ்மா, வரப்புக்கு மேல ஒரு சுத்து வுடு. மொத்தமும் எந்திரிக்கும்."

"விடமாட்டேண்ணே."

"என்னது?"

"முட்டை வெச்சிருக்கு. இந்த வெயில்ல தாயை எழுப்பிவிட்டா முட்டை வெந்துடும்."

"பத்து நிமிஷத்துல ஒரு முட்டைக்கு என்னம்மா ஆயிடப் போறது?" என்றார் ஹரிஹரசுப்ரமணியன்.

"ஜமக்காளத்தை விட்டு இறங்கி நின்னு பாருங்க சார். அப்புறம் சொல்லுங்க."

அவர் அசையவில்லை. சரசாதான் காலை எடுத்துத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் திரும்ப இழுத்துக்கொண்டாள். "அம்மாடி! தோசைக்கல்லுன்னா இது!"

"சாயங்காலமா வாங்க சார். அதுங்களா பறக்கறப்போ தூரத்துலேருந்து எடுத்துத் தரேன்."

"சாயங்காலம் கழுத்துல மாலை இருக்காதே!"

"அப்ப என் பழைய படத்தையே பின்னால ஒட்டித் தரேன்."

"ஒட்டு வேலைக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? நேக்கு நெஜம் வேணும்."

செம்மொழி அவளைக் கார் ஓரமாக அழைத்தான். "நீ போட்டோ எடுக்க வந்தியா, முட்டைக்கு வக்காலத்து வாங்க வந்தியா? நேத்து எங்கூட உக்காந்து முட்டை பிரியாணி தின்னியே, அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்?"

"அது என் பசிக்குத் தின்னதுண்ணே. இது யார் பசிக்கு?"

அவன் முகம் இறுகியது. "இன்னைக்கு நீ மாட்டேன்னா, இனிமே திருக்கடையூர்ல ஒரு மண்டபத்து வாசப்படியும் மிதிக்க முடியாது. யோசிச்சுப் பேசு."

அவன் சொன்னதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் யோசிக்கத்தான் செய்தாள். அதற்குள் அவன் கை ட்ரோன் பையை நோக்கி நீண்டது. அதை இயக்க அவனுக்கும் தெரியும். நஜ்மா முந்திக்கொண்டு பையைத் திறந்தாள். ட்ரோனை வெளியே எடுத்து, அதன் பிளாஸ்டிக் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று ஒடித்தாள். ஒடிந்த துண்டுகள் உப்புத்தரையில் விழாதபடி துப்பட்டா முனையில் சேர்த்து முடிந்துகொண்டாள்.

"பைத்தியமா உனக்கு?"

"என் ட்ரோன். என் கை. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஹரிஹரசுப்ரமணியனின் குரல் உயர்ந்தது. "செம்மொழி, நீ போய்க் கையைத் தட்டு. எல்லாம் தானா எழும்பும். நான் போன்லயே எடுத்துக்கறேன்."

ஆலாக்கள் இருந்த இடத்துக்குப் போக ஒற்றையடி வரப்பு ஒன்றுதான் வழி. இரு பக்கமும் முழங்கால் வரை விழுங்கும் சேறு. நஜ்மா முன்னால் ஓடி, அதன் தலைப்பில் கைகளை விரித்து நின்றாள்.

"தள்ளு" என்றான் செம்மொழி.

"மாட்டேன். சேத்துல இறங்கிப் போங்க. யார் வேணாம்னா?"

அவன் வீம்பாகக் காலை இறக்கினான். வெள்ளை வேட்டி முழங்கால்வரை கறுத்தது. காலை உருவுவதற்கு அவன் பட்ட பாட்டின் சத்தம் கேட்டு ஓர் ஆலா எழுந்துவிட்டது. கீச்சென்று கத்தியபடி மேலே வட்டமிட்டது. "ஒண்ணு எழுந்துடுச்சு! பின்னால போங்கண்ணே! போங்க!" என்று நஜ்மா கத்தினாள். அவன் வரப்பில் ஏறி அவள் தோளைப் பிடித்துத் தள்ளப் பார்த்தான். அவள் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். தரை சுட்டது. எழுந்திருக்கவில்லை.

"ஏன்னா, இங்க பாருங்கோ" என்ற குரல் ஜமக்காளத்திலிருந்து வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். சரசா தன் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிதானமாக, கொண்டையில் மாட்டிய வாழைநாரை விடுவித்து, கழற்றி, மடித்துக் கீழே வைத்தாள்.

"என்ன காரியம் பண்றே! ஆத்து வாசல்லன்னா கழட்டணும்!"

"கழட்டியாச்சு. இனிமே போட்டோ எடுத்தா நீங்க மட்டும் மாலையோட நிப்பேள். கல்யாணப் பொண்ணு எங்கேன்னு கேப்பா."

"சரசா, வழக்கம்னு ஒண்ணு இருக்கு."

"நாப்பது வருஷம் வழக்கத்துக்குக் கழுத்தைக் குடுத்தேன். இன்னைக்கு ஒரு நாள் கழுத்து என்னுது. கார்ல ஏறுங்கோ, பசிக்கறது."

ஹரிஹரசுப்ரமணியன் மாலையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். போனை இடுப்பில் செருகிக்கொண்டு காரில் ஏறினார். செம்மொழி சேற்றுக் காலோடு முன் இருக்கையில் உட்கார்ந்தான்.

காரில் ஏறுமுன் சரசா நஜ்மாவைக் கூர்ந்து பார்த்தாள். "நோக்குத் திமிர் ஜாஸ்தி."

"ஆமா மாமி."

"இருக்கட்டும். வா, பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்."

"இவ ஏறினா நான் இறங்கிடுவேன்" என்றான் செம்மொழி. "நாளைக்கு வேலைக்கு வேற ஆள் போட்டுக்கறேன். இனி எப்பவும் வேற ஆளுதான்."

"போட்டுக்குங்கண்ணே. நீங்க போயிட்டு வாங்க மாமி. எனக்கு இங்க வேலை இருக்கு."

கார் உப்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்தது. நஜ்மா எழுந்து, சூடுபட்ட கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். வட்டமிட்ட ஆலா இன்னும் இறங்கவில்லை. அவள் தலைக்கு நேர் மேலே வந்து ஒரு கணம் நின்றது.

கதைகளில் காப்பாற்றப்பட்ட பறவை அலகில் மாணிக்கம் ஏந்தி வரும். ஆலாவுக்கு அந்தக் கதைகளையும் யாரும் சொன்னதில்லை. அது நேராக இறங்கி, அவள் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கொத்துக் கொத்தியது. மறுபடி உயர்ந்தது. மறுபடி இறங்கியது.

"போறேன் தாயே, போறேன்! உன் வரப்புதான்!" என்று சிரித்தபடி துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, கேமராவை மார்போடு அணைத்து, அவள் உப்புக் குவியலை நோக்கி ஓடினாள். அவள் குப்புறப் படுத்த பிறகுதான் ஆலா விரட்டுவதை நிறுத்தியது. பிறகு முட்டைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வயிற்றை நனைக்கத் தண்ணீரை நோக்கித் தாழ்ந்து பறந்தது.