ஓய்தினுக்கு எவ்வளவு ஊற்றுவது?

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. உஸ்பெகிஸ்தானின் புகாராவில் என் வீட்டுக்கு எதிர் ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறும் ஓய்தின், சற்று முன் சிரிப்பை அடக்கமாட்டாமல் பாதி சொன்னாள். மீதியை நான் இட்டுக்கட்டுகிறேன்.

2.
அதிகாலைச் சூரியன் நீலக் குவிமாடத்தின் மீது… சே, அடித்துவிட்டேன்! முதலாளி ஷுஹ்ரத்தின் வாயிலிருந்தே தொடங்குவோம்.

"ஓய்தின், வேலையில திருப்தியாம்மா?"

"இல்லாமலா அண்ணே? கொஞ்சங் கொஞ்சமா டீ ஊத்தப் போறப்ப ஒவ்வொரு மேசையிலயும் ஒரு கதை ஓடுது. சம்பளமே வேணாம்னு தோணும். அதுக்காகக் குடுக்காம இருந்துடாதீங்க!"

"இனிமே கிண்ணம் நிறைய ஊத்து. வெளிநாட்டுக்காரங்க நம்மளக் கஞ்சன்னு சொல்றாங்க."

"ஐயோ, நம்ம ஆளுங்க கோவிச்சுக்குவாங்களே!"

"யாரா இருந்தாலும் நிறைய ஊத்து. முதலாளி நீயா, நானா?"

(கொஞ்சம் ஊற்றினால் 'இருங்க, பேசலாம்'. தளும்ப ஊற்றினால் 'எப்போ கிளம்புறீங்க?' இங்கே கைக்குழந்தைக்கும் இது தெரியும். ஷுஹ்ரத்துக்கு மட்டும் அன்று மறந்துவிட்டது.)

3.
இன்று காலை அவர் மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெருமைக்காக ஹோட்டலிலேயே உட்காரவைத்து ரொட்டியைப் பிய்த்து வைத்தார். ஓய்தின் வந்தாள். எல்லாக் கிண்ணத்திலும் விளிம்புவரை ஊற்றினாள்.

மாப்பிள்ளையின் அத்தை முகம் சிவந்து (கறுத்து? இரண்டும்தான்) எழுந்தாள். "எந்திரிங்க எல்லாரும்! நம்மள வெளிய போகச் சொல்றாங்க!"

வாயில் போட்ட ரொட்டியை மெல்லாமலே கூட்டம் வாசலைத் தாண்டியது.

வேண்டுமென்றே செய்தாளா? எழுதுகிற எனக்கே சந்தேகம். "சொன்னதச் செஞ்சேன்" என்று என்னிடம் சத்தியம் செய்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வேலை போச்சுன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சுரும். அப்புறம் யாரு கதைய நான் கேக்கறது?"

ஹோட்டலிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

4.
முடிவு ஒன்று: மாப்பிள்ளையே திரும்ப ஓடிவந்து… (சினிமாத்தனம். கிழித்தாயிற்று.)

முடிவு இரண்டு: மகள் ஓய்தினைக் கட்டியணைக்கிறாள். "நல்லவேளைக்கா, அந்த மூஞ்சிய எனக்குப் பிடிக்கவே இல்ல!" (ஆசைதான். ஆனால் சம்பளம் கொடுப்பது மகள் இல்லையே.)

5.
இதோ, என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. ஷுஹ்ரத் அவளை எதிரே உட்காரச் சொல்கிறார். கெண்டியைத் தானே எடுத்து அவள் கிண்ணத்தில் ஊற்றுகிறார்.

இதற்கு மேல், ஐயா, நான் எழுதமாட்டேன். கெண்டியை நீங்கள் பிடியுங்கள். கால் கிண்ணம் ஆயிற்று. பாதியைத் தொடப்போகிறது. அட, நிறுத்துங்களேன்!