இடது வாளித் தண்ணீர்

என் வீட்டுக்காரர் மூன்று மாதமாகக் கரையில் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு சாமான்கூட இருந்த இடத்தில் இருக்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போடுவார், மறுநாள் கதவோரம் இழுப்பார். ஆடுகிற நாற்காலியின் ஒரு காலைச் சீவுவார். அது குட்டையாகிவிட்டது என்று மற்ற மூன்றையும் சீவுவார். வெளியே படகு இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், சாப்பிடுகிற தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். முப்பது வருஷம் மீன்பிடிப் படகில் பதினோரு பேருக்குச் சமைத்த மனுஷன். வீட்டுக்குள் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

ஈரப் பலகையில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது முழங்கால் போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ விழுந்தா நடக்குறதையே மறந்துட வேண்டியதுதாம்மா" என்றார். அதை நான் இவரிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். படகை ஓட்டுகிற டிரைவர் அண்ணன் ஒருநாள் வந்து, அடுத்த திங்கட்கிழமை புறப்படுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் இவர் மடித்து வைத்திருந்த சட்டைகளை எடுத்து உதற ஆரம்பித்தார்.

"எங்க கிளம்புறீங்க?"

"சும்மாதான். பூச்சி அரிச்சிருக்கான்னு பார்த்தேன்."

"என் கண்ணுல மண்ணத் தூவாதீங்க."

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? நாள் பூரா உன் மூஞ்சியையும் செவுத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல் என்று அவரிடம் தனியாக ஒரு சண்டை போட்டேன். ஆனால் பயம் போகவில்லை.

நான் மீன் சந்தையில் மீன் வெட்டுகிறவள். அங்கே தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கடலுணவுத் திருவிழா, பாரம்பரியச் சமையல் போட்டி. முதல் பரிசு, துறைமுகத்தில் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் சமைத்து விற்க ஓர் அறை. ஒரே ஓர் அறைதான். அது கிடைத்தால் இவர் தரையில் நின்று சமைக்கலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை படகு, ஈரப் பலகை, அந்த முழங்கால். அவரைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னதும் குதித்தார். "படகுக் குழம்பு படகுலதான் வரும்!"

"ஏன், தரையில வச்சா கொதிக்காதா?"

சீவிய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆனால் மறுநாள் விடிந்ததும் தானே கடைக்குப் போய் இரண்டு புது வாளி வாங்கிக்கொண்டு வந்தார். ஆசை இல்லாமலா?

வாளி விஷயத்தைச் சொல்ல வேண்டும். படகில் நல்ல தண்ணீர் சொட்டுக் கணக்கு. அடுப்புக்கு இடது பக்க வாளியில் கடல் தண்ணீர் இருக்கும், வலது பக்க வாளியில் நல்ல தண்ணீர். குழம்புக்குக் கடல் ஒரு குவளை, நல்லது மூன்று குவளை. அவ்வளவுதான் உப்பு. தனியாக உப்பு என்று ஒன்று அந்த அடுப்படியிலேயே கிடையாது. கரையோரக் கலங்கல் தாண்டித் தெளிந்த இடத்தில் தண்ணீர் பிடிக்கவேண்டும், அதை டிரைவர் அண்ணன்தான் சொல்வார். சமைக்கிறவன் ருசி பார்ப்பதும் கிடையாது, அளவு தெரியாதவன்தான் நக்கிப் பார்ப்பான் என்பது அவர்கள் எண்ணம். வீட்டிலோ இவர் அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். உப்பு டப்பாவை அவர் கையால் திறந்து நான் பார்த்ததே இல்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள், விழாக் குழுவில் இருந்து கையில் அட்டையும் பேனாவுமாக ஓர் அம்மா வந்தாள். "கடல் தண்ணியெல்லாம் கூடாதுங்க. சுகாதாரத்துல ஒத்துக்க மாட்டாங்க. கேன் தண்ணி நாங்களே தர்றோம்."

"அப்ப உப்புக்கு?" என்றார் இவர்.

"உப்பப் போடுங்க!" என்று சிரித்தாள்.

அதுவும் சரிதான் என்று நான் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், அடேயப்பா! எங்களுக்கு ஒதுக்கிய கடைக்கு மேலே தண்ணீரே படாத புது வலை ஒன்றைக் கட்டி, அதில் பிளாஸ்டிக் நட்சத்திர மீன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு மரத் துடுப்பு. இன்ஜின் படகில் வேலை செய்தவருக்குத் துடுப்பு எதற்கு? இவர் தலையில் ஓர் ஓலைத் தொப்பியையும் கவிழ்த்தார்கள். "இப்படி ஒரு தொப்பிய நான் கடல்ல பார்த்ததே இல்ல. அடிக்கிற காத்துல அரை நிமிஷம் நிக்குமா இது?" என்று அவர் கழற்ற, அட்டைக்கார அம்மா மறுபடி மாட்ட, ஒரே கூத்து. பக்கத்துக் கடையில் 'பாரம்பரியச் சீஸ் இறால்' என்று பலகை தொங்கியது. யாருடைய பாட்டனார் சீஸ் தின்றார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு மீன் வந்தது. குளிர்வண்டியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். திறந்தால் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள். தலை இல்லை, தோல் இல்லை, ஒரு முள் இல்லை. இருபது வருஷம் கத்தி பிடித்தவள் நான், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை.

"இது என்ன மீனுங்க?"

"வெள்ளை மீன்" என்றான் இறக்கியவன்.

"நான் பேரக் கேட்டேன். நெறத்தக் கேக்கல."

அவன் அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டான். இவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "தலை இல்லாம குழம்புக்கு எங்கேருந்து ருசி வரும்? போயிடலாம் வா" என்றார். திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. "அடுப்பப் பத்த வைங்க" என்றேன்.

அதற்குள் ஒலிபெருக்கி அலறியது. சிறப்பு விருந்தினர் சீக்கிரமே வந்துவிட்டாராம், இருபது நிமிஷத்தில் எல்லாக் கடையும் கிண்ணங்களை அனுப்ப வேண்டுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெங்காயத்தை அரிந்து தள்ளினேன். இவரோ அதற்கு நேர்மாறாக அடங்கிப்போனார். தொப்பியைத் தூக்கியெறிந்தார், சட்டியை ஏற்றினார், வலதுகாலை லேசாக மடக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். இடது வாளியில் ஒரு குவளை, வலது வாளியில் மூன்று குவளை. "ஒண்ணு... ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் கை பதறாமல் இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

கிண்ணங்கள் மேடைக்குப் போனபிறகு கை துடைக்கத் துணி தேடிப் பைக்குள் கைவிட்டேன். உப்புப் பாக்கெட் மூலைகூட வெட்டப்படாமல் கிடந்தது.  சட்டியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். காரம் இருந்தது, புளிப்பு இருந்தது. உப்பு ஒரு கல்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து டிரைவர் அண்ணன் வெளுத்த சட்டையும் வாரிய தலையுமாக வந்து நின்றார். இவர் பூரித்துப்போய்த் தன் கையாலேயே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் ஒரு வாய் வைத்தார். மெல்ல விழுங்கினார்.

"தம்பி, தண்ணிய எங்கப்பா பிடிச்சே?"

இவர் இடது வாளியைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து விரலை நனைத்து வாயில் வைத்தார். வாளி இரண்டு இருக்கிறதே என்று விழா வேலைக்கு வந்த பிள்ளைகள் இரண்டிலும் கேன் தண்ணீரையே நிரப்பியிருந்தார்கள். இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் உப்புப் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன், ருசி பார்த்ததையும் சொன்னேன்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று இவர் மேடைப் பக்கம் கிளம்பினார்.

"பேசாம இருங்க. தோத்தா தோத்துட்டுப் போறோம். அவமானம் வேறயா?"

சொல்லி வாய் மூடவில்லை, ஒலிபெருக்கியில் எங்கள் கடை எண்ணைப் படித்தார்கள். முதல் பரிசு! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்களுடையது மேடையேறிவிட்டது.

நடுவராக வந்திருந்த ஹோட்டல் சமையல்காரர், நீள வெள்ளைத் தொப்பி, மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நாக்க உறுத்தாத ருசி! நம்ம முன்னோர் எவ்வளவு ஆரோக்கியமா சாப்பிட்டிருக்காங்கன்னு இந்த ஒரு குழம்புலயே தெரியுது!" என்றார். கைதட்டல். நான்கு படி ஏற இவருக்கு என் தோள் வேண்டியிருந்தது. மைக்கை இவர் வாய்க்கு நேரே நீட்டி, ரகசியத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

"உப்புப் போட மறந்துட்டேன்" என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"நெசமாத்தாங்க. படகுல கடல் தண்ணி ஊத்துவோம், அதான் உப்பு. இங்க ரெண்டு வாளியிலயும் நல்ல தண்ணி. இது எங்க குழம்பே இல்லைங்க. பரிச வேற யாருக்காவது குடுத்துடுங்க."

சிரிப்பு தேய்ந்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் தரையைப் பார்த்தார். அட்டைக்கார அம்மா என்னிடம் வந்து, "என்னம்மா இது? உண்மையா?" என்றாள்.

"நீ சொல்லு" என்றார் இவர். "நீயும்தானே தொட்டு வாயில வச்சுப் பார்த்தே. நீ சொன்னா நம்புவாங்க."

என்னைப் பார்த்துச் சிரித்தார். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பில் என்மேல் அவ்வளவு நம்பிக்கை. கீழே அவருடைய வலதுகால் வேட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் மைக்கை வாங்கினேன்.

"இவருக்கு எப்பவும் விளையாட்டுதாங்க" என்றேன். "உப்பெல்லாம் அளவாத்தான் இருக்கு."

மறுபடி சிரிப்பு, மறுபடி கைதட்டல். வெள்ளைத் தொப்பிக்காரர்தான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். டிரைவர் அண்ணன் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். என் கையில் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். இவர் என் தோளைத் தொடாமலே நான்கு படியும் இறங்கினார்.

திங்கட்கிழமை படகு இவர் இல்லாமலே போனது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். இப்போது அந்த அறையில் தினமும் சமைக்கிறார். நான் தலையோடு வாங்கி வெட்டிக் கொடுக்கிறேன், அவர் உப்புப் போட்டுக் காய்ச்சுகிறார். கூட்டமும் வருகிறது. உப்பு அவர் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் இறக்குவதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு கரண்டி நீட்டி, "உப்பு பார்த்துச் சொல்லுங்க" என்பார். ஐஸ் கொண்டுவருகிறவரிடம் கேட்பார், தரை கூட்டுகிற அம்மாவிடம் கேட்பார், வழி கேட்க வந்து நின்ற ஆளிடம்கூட ஒருநாள் கேட்டார்.

நேற்று யாரும் வரவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது, அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"குடுங்க, நான் பார்க்குறேன்."

"வேணாம்" என்றார். "நீ சரியா இருக்குன்னுதான் சொல்லுவே."