நாலாவது கடிதம்

மெரிகோல்டு கம்ப்யூட்டர் கம்பெனி வசுமதியை மூன்று வருஷத்தில் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வேறொருத்தியாக இருந்தால், நீயுமாச்சு உன் வேலையுமாச்சு என்று தலைமுழுகியிருப்பாள். வசுமதி அந்த ரகம் இல்லை. உடும்புப் பிடிக்காரி. அதனால் அவளுக்கு என்ன நன்மை விளைந்தது என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள், அதற்குத்தான் வருகிறேன்.

கல்கத்தா டல்ஹௌசியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவள் பஞ்ச் ஆபரேட்டர். கம்ப்யூட்டருக்குத் தீனியாகப் போகிற அட்டைகளில் ஓட்டை போடுகிற வேலை. புரோகிராமர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து தட்டிக்கொண்டே போக வேண்டும். யோசிக்கக் கூடாது, யோசித்தால் வேகம் குறையும். இவளோ யோசித்தாள். யோசித்தால் மூளை சும்மா இருக்குமா, எழுதினவனின் தப்பு கண்ணில் பட்டுவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு போய், "சார், இந்த இடத்தில் மெஷின் அதே வரிகளிலேயே சுற்றிக்கொண்டே இருக்குமே, வெளியே வராதே" என்றாள். மீசை சரியாக முளைக்காத அந்தப் புரோகிராமர் தாளைப் பிடுங்கி, "நீ பஞ்ச் பண்ணினால் போதும்" என்றான். இரண்டு நாள் கழித்து அவள் சொன்ன இடத்திலேயே மெஷின் சுற்றிக்கொண்டு நின்றது. அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிடித்த வெறி. தானும் புரோகிராமர் ஆகியே தீருவது. ஆளை எடுத்துப் பயிற்சியும் கொடுத்து வேலையும் கொடுக்கிற கம்பெனி கல்கத்தாவில் அவளுக்குத் தெரிந்து மெரிகோல்டு ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு பரீட்சை, ஜனவரியில். இருபத்தெட்டு வயது தாண்டினால் ஃபாரமே கிடையாது.

முதல் தடவை எழுதப் போனபோது ஆபீஸ் பெண்கள் சந்தேஷ் மிட்டாய் வாங்கி வாயில் ஊட்டி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை வெறும் ஆல் தி பெஸ்ட். மூன்றாம் தடவை அவளே யாரிடமும் மூச்சு விடவில்லை, வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்தாள். ஊர் வாயை மூட முடியுமா? லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க நின்றால் கிருஷ்ணம்மாள் மாமி பிடித்துக்கொள்வாள். "இன்னுமாடி அந்தப் பரீட்சை? கல்யாணத்துக்குன்னு ஒரு பரீட்சை எழுதியிருந்தா இத்தனை நாள்ல பாஸ் பண்ணியிருப்பே." வசுமதி சிரித்துவைப்பாள். அதன் பிறகு மார்க்கெட்டுக்கு நேரம் மாற்றிப் போக ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டையும் மெஷினுக்கு முன்னாலேயே, தனியாக, டிபன் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு முடித்துவிடுவாள்.

வீட்டில் அப்பா மட்டும். அம்மா போய் நாலு வருஷம். சேஷாத்ரி சணல் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிடையரானவர். சர்க்கரை வியாதி. ரோட்டைக் கடக்க மகளின் கையைப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொள்ளவில்லை என்று சாதிக்கவும் செய்வார். தபால் பகல் பதினொரு மணிக்கு வரும். அப்போது வசுமதி ஆபீசில் இருப்பாள். பிரிப்பது அப்பாதான்.

மூன்றாவது கடிதத்தைப் படித்துவிட்டு அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள். "அப்பா, இனிமே அவா லெட்டர் வந்தா என் கண்ணுல காட்டாதேங்கோ. முதல் வரியைப் பாருங்கோ. வருந்துகிறோம்னு ஆரம்பிச்சா, சாவுக் காகிதம் மாதிரி அங்கேயே கிழிச்சுப் போட்டுடுங்கோ."

சாவுக் காகிதம் தெரியும் அல்லவா? ஊரிலிருந்து மூலையில் கறுப்பு மை தடவின கார்டு வரும். வாசலிலேயே படித்து, கிழித்தெறிந்து, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கல்கத்தாவுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும், சேஷாத்ரி வீட்டில் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

அடுத்த பரீட்சையை அவள் மிகவும் நன்றாக எழுதினாள். இந்தத் தடவை விடமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பட்சி சொல்லிற்று. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"வந்துதுடி."

அந்தக் குரலே போதுமாக இருந்தது. "கிழிச்சுட்டேளா?"

"கிழிச்சாச்சு. குளிச்சும் ஆச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவள் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பட்சி சொல்வதைக் கேட்டால் இப்படித்தான்.

டிசம்பர் வந்தது. இனி ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி, மார்ச்சில் அவளுக்கு இருபத்தெட்டு முடிகிறது. தபாலை நம்பாமல் ஃபாரம் வாங்க நேரிலேயே போனாள். ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த மிஸஸ் லாஹிரி பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வசுமதி சேஷாத்ரியா? உனக்கு எதற்கு மறுபடி பரீட்சை? உன்னைத்தான் எடுத்துவிட்டோமே, நீதானே வரவில்லை?"

வசுமதிக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் ஃபைலை எடுத்து, கடிதத்தின் கார்பன் நகலைத் திருப்பிக் காட்டினாள். முதல் வரி: கல்கத்தாவில் இடம் இல்லை என்று தெரிவிக்க வருந்துகிறோம். இரண்டாவது வரி: ஆயினும் தங்கள் மதிப்பெண்களை முன்னிட்டுத் தங்களைப் பம்பாய் அலுவலகத்தில் ஒரு வருஷம் பயிற்சிப் புரோகிராமராக எடுத்துக்கொள்கிறோம். மார்ச் முதல் தேதிக்குள் பதில் வேண்டும். நகலோடு ரிஜிஸ்தர் தபாலின் ரசீது அட்டை. அதில் அப்பாவின் கையெழுத்து, சுழித்துச் சுழித்து.

"பதிலே போடாதவர்களை மறுபடி கூப்பிடுவது இல்லை என்று இங்கே ரூல். ரொம்ப வருத்தமாக இருக்கிறது" என்றாள் மிஸஸ் லாஹிரி. நிஜமாகவே வருத்தப்பட்டாள், டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்ல வசுமதி வாயெடுத்தாள். கிடைத்ததே, கையெழுத்து இருக்கிறதே. எங்கள் வீட்டில் கெட்ட செய்தியைக் கிழித்துப் போடுவது வழக்கம் என்று இந்த அம்மாளிடம் எப்படி விளக்குவது? எழுந்து வந்துவிட்டாள்.

டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் வாயைத் தானே சபித்துக்கொண்டாள். முதல் வரியோடு நிறுத்துங்கள் என்று சொன்னது யார்? அவள்தான். கிழவர் பாவம், சொன்னதைச் செய்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தால் மனுஷர் அன்றைக்கே படுத்துவிடுவார். வேண்டாம், அவருக்குத் தெரியவே கூடாது. சொல்லி அழ இந்த ஊரில் அவளுக்கு இருந்தது அவர் ஒருத்தர்தான், இப்போது அவரிடமும் சொல்ல முடியாது. பவானிபூர் தாண்டுவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டாள்.

வீட்டில் லோட் ஷெட்டிங். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"ஃபாரம் கொடுத்தாளா?"

"இல்லப்பா. இந்த ஜனவரியில ஆளே எடுக்கலையாம். அடுத்த தடவைக்குள்ள எனக்கு வயசு தாண்டிடும். அதோட சரி."

"போறது போ" என்றார் சேஷாத்ரி. சாதத்தைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "போன லெட்டரைப் பத்தி ஏதாவது சொன்னாளோ?"

வசுமதியின் கை அப்படியே நின்றது. முதல் வரியோடு கிழித்துப் போட்டவருக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? அவரைப் பார்த்தாள். அவர் இன்னும் தட்டிலிருந்து நிமிரவில்லை. பம்பாய், ஒரு வருஷம், இந்த வீட்டில் அவர் மட்டும். மனுஷர் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கிழித்திருக்கிறார்.

ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கேட்டுவிடலாம். கேட்டால் அவர் ஒப்புக்கொள்வார், குழந்தை மாதிரி அழுவார். அப்புறம் நாளைக்கும் நாளன்றைக்கும் இந்த இரண்டு தட்டுக்கு முன்னால் எப்படி உட்காருவது?

"இல்லையேப்பா" என்றாள். "அதுல சொல்ல என்ன இருக்கு?"

அடக்கி வைத்திருந்த மூச்சை அவர் மெல்ல விட்டது அவளுக்குக் கேட்டது.

"அதானே" என்றார். "இன்னும் கொஞ்சம் ரசம் விட்டுக்கோ."

அவள் விட்டுக்கொண்டாள்.