இரண்டு முறை எரிந்த புள்ளி

நூலகத்தின் முன்கதவு வேலைக்குப் போட்டியாக வந்த மாதிரிப் பலகைகள் இரண்டும் பொறியாளரின் மேசையில் கிடந்தன. ஒன்று எங்கள் பட்டறையுடையது. மற்றது என் சம்பந்தியின் பட்டறையுடையது. என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. இரண்டிலும் ஒரே வலைக்கோலம்.

"ரெண்டு பேரும் பேசி வச்சு அனுப்புனீங்களா?" என்றார் பொறியாளர்.

"இவரோட பேச்சு நின்னு ரெண்டு வருஷமாச்சு," என்றேன். "இது என் வலை. திருடியிருக்காங்க."

சம்பந்தி சிரித்தார். "வட்டத்துல கோடு போடறதை உங்க பேருக்கு எழுதி வாங்கிட்டீங்களா? கம்ப்யூட்டர்ல நம்பரைத் தட்டினா எவனுக்கும் வரும், சம்பந்தி."

வரும்தான். வரைபட மென்பொருளில் வட்டத்தின்மேல் நூற்றெண்பது புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் ஏழால் பெருக்கி, சுற்றி எண்ணிப்போய் விழும் புள்ளிக்கு நேர்கோடு இழுத்தால் போதும். வளைகோடு ஒன்றுகூட வரையாமல் திரையில் ஆறு வளைவுகள் பின்னிக்கொண்டு நிற்கும்.

ஆனால் ஒரு தவறு எனக்கு மட்டுமே உரியது. புள்ளிகளைச் சுழியம் பாகையில் தொடங்கி முந்நூற்று அறுபதில் முடிக்கும்படி எழுதுவேன். வட்டத்தில் இரண்டும் ஒரே இடம். மரத்தில் புள்ளிகளைச் சுட்டுப் பதிக்கும் லேசர் வலது விளிம்பிலுள்ள அந்த இடத்தில் இரண்டு முறை இறங்கி, மற்றவை பழுப்பாக இருக்க அந்த ஒரு புள்ளியைக் கரியாக்கிவிடும். பட்டறையில் பலர் சொல்லியும் மாற்றவில்லை. என் வேலையில் பிறர் கைவைக்க நான் விட்டதில்லை.

சம்பந்தியின் பலகையில் அந்த இடத்தில் விரலை வைத்தேன். பொறியாளர் குனிந்து பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒரே இடம் கருகியிருக்கே!"

"அது என் தப்பு. எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன். இதை வேற எவனும் பண்ண மாட்டான்."

சம்பந்தியின் சிரிப்பு நின்றது. அவர் பட்டறைக் கோப்புடன் கதவோரம் நின்றிருந்த என் மகள் பக்கம் திரும்பினார். "நானே போட்டதுன்னுதானேம்மா சொன்ன? என் மூஞ்சில கரியைப் பூசிட்டியே! வளர்ந்த வீட்டுப் புத்தி போகுமா?"

அவள் தலை குனியவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நம்ம பட்டறையில இருந்தப்ப பாதி வலை நான் தட்டினதுதான். ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லியிருக்கீங்களாப்பா?"

பொறியாளர் பேனாவைத் திறந்தார். "திருட்டுன்னா நான் எழுத்துல போட்டாகணும். எடுத்தவங்களுக்கு அப்புறம் எங்கயும் வேலை கிடைக்காது. யார் எடுத்தது?"

"மருமக பேரையே எழுதுங்க. பொண்ணு அவங்க வளர்ப்பு. எங்களுக்குச் சம்பந்தமில்ல," என்றார் சம்பந்தி.

இன்னும் என் பெயரின் முதலெழுத்துக்குப் பின்னால்தான் அவள் பெயர் இருக்கிறது. அது அந்தத் தாளில் ஏறினால் எங்கள் குடும்பமும் ஏறும்.

"யாரும் எடுக்கல," என்றேன். "நான்தான் கொடுத்தேன். மறந்துட்டேன்."

மறந்துட்டேன் என்ற அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"மறந்துட்டீங்களா? வயசாயிடுச்சு, சம்பந்தி. இனிமே வீட்லயே உக்காருங்க."

"ஆயிடுச்சு. உங்களுக்கும் ஆகும்."

போட்டியிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டேன். பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"குடுங்கப்பா, நான் தூக்கறேன்."

"தொடாதே. நான் காப்பாத்தினது என் பேரை. உன்னை இல்ல. இனிமே வீட்டுப் பக்கம் வராதே."

பலகை அகலமானது, இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்க வழியில்லாமல், காலால் துழாவித் துழாவிப் படியிறங்கினேன். அவள் மேலேயே நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.